ஞானதிருஷ்டி வாய்த்த புகைப் பரிசோதனை நிலையத்தாருக்கு

நெடுஞ்சாலை ஓரத்தில் தகரக் கூரையின்கீழ் வீற்றிருந்து, ஊரார் சுவாசிக்கும் காற்றின் சுத்தத்துக்கெல்லாம் பொறுப்பேற்றிருக்கும் வாகனப் புகைப் பரிசோதனை நிலையத்தாரின் சமூகத்துக்கு, ஒற்றை லாரியை வைத்துக்கொண்டு ஜீவனம் நடத்தும் நாமக்கல்வாசி ஒருவன் மிக்க வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

ஐயா,

சென்ற ஆண்டு என் லாரி புனேயில் ஜவ்வரிசி மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்த அதே நாழிகையில், அதன் புகை குற்றமற்றது என்று தாங்கள் இவ்வூரில் இருந்தபடியே சான்று வழங்கினீர்கள். டிரைவர் செல்போனில் அனுப்பிய எண் பலகையின் படம் ஒன்றே தங்களுக்குப் போதுமானதாக இருந்தது. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் எழும் புகையை இருந்த இடத்திலிருந்தே முகர்ந்து பார்க்கும் சித்தி புராண காலத்து ரிஷிகளோடு மறைந்துவிட்டது என்று எண்ணியிருந்த என் அஞ்ஞானம் அன்றோடு நீங்கிற்று.

அந்தப் புகையின் யோக்கியதையை இப்போது ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 2020 ஏப்ரல் முதல் தேதிக்குப் பின் விற்பனைக்கு வந்த பி.எஸ். 6 வண்டி என்னுடையது. அதன் சைலன்சர் பழைய காலத்து வெறும் தகரக் குழாய் அன்று. கரியைப் பிடித்து நிறுத்தும் வடிகட்டி ஒன்றும், யூரியாக் கரைசலின் உதவியால் நைட்ரஜன் ஆக்சைடுகளை நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றிவிடும் அறை ஒன்றும் அதனுள் குடியிருக்கின்றன. பிடித்த கரி சேர்ந்துகொண்டே போனால் வழி அடைபடுமாதலால், அவ்வப்போது புகையின் உஷ்ணத்தை ஏறக்குறைய 600 டிகிரிக்கு உயர்த்தி அதை அங்கேயே எரித்துவிடும் ஏற்பாடும் உண்டு. இந்த யாகம் விக்கினமின்றி நிறைவேற, வண்டி சிறிது நேரம் நிற்காமல் ஓடவேண்டும். என் டிரைவரோ, லோடுக்குக் காத்திருக்கும் இரவு முழுவதும் எஞ்சினை அணைக்காமல் அதன் தாலாட்டில் உறங்குபவர். அப்படி நின்ற இடத்தில் ஓடும் எஞ்சினில் கரி சேருமே தவிர, அக்கரியை எரிக்கும் சூடு சேராது. மஞ்சள் விளக்கு எரிந்தது. “அது சும்மா எரியுதுங்க, அண்ணா” என்றார் அவர். விளக்கு எரிந்தால் மங்களந்தானே என்று நானும் இருந்துவிட்டேன்.

என் பங்குக்கு நான் செய்த கைங்கரியங்களும் சில உண்டு. கரியாவது எரிந்து போகும். எஞ்சின் ஆயில் விட்டுச்செல்லும் சாம்பல் எரியாமல் வடிகட்டியிலேயே தங்கிவிடும் என்பதனால், சாம்பல் குறைந்த ஆயிலையே ஊற்றவேண்டும் என்று கைப்புத்தகம் சொல்லிற்று. மலிவான ஆயிலையே ஊற்றும்படி என் மடிச்சீலை சொல்லிற்று. நூற்றுக்கு 32.5 பங்கு சுத்த யூரியாவும் எஞ்சியது தாது உப்புகள் நீக்கிய நீருமாக இருக்கவேண்டிய கரைசலுக்குப் பதிலாக, பயிருக்கென்று வேப்பெண்ணெய் பூசி விற்கப்படும் உர யூரியாவைப் போர்த் தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். கரைசலைத் தெளிக்கும் நாசில் உப்புப் பூத்துக் கல்லாகிவிட்டது. நெல் வயலாயிருந்தால் விளைந்திருக்கும். இறுதியில் மெக்கானிக் ஒருவர் வடிகட்டியின் உட்புறத்தை முழுவதும் குடைந்து எடுத்துவிட்டு, யாவும் க்ஷேமமே என்று சாதிக்கும்படி எஞ்சினின் கணினிப் பெட்டிக்கும் பாடம் சொல்லிக்கொடுத்தார். விளக்கு அணைந்தது, வண்டி மூச்சுக்கு மூச்சு கரியைக் கக்கிக்கொண்டு குதிரைபோல் பாய்ந்தது. தாங்கள் சான்று வழங்கியது இந்தத் திருக்கோலத்துக்கேயாகும்.

2015ஆம் ஆண்டில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் நிறுவனத்திடம் அகப்பட்டுக்கொண்ட ஃபோக்ஸ்வாகன் கம்பெனியாரை எண்ணி நான் இரக்கப்படுவதுண்டு. வண்டி பரிசோதனையில் நிற்கிறதா, சாலையில் ஓடுகிறதா என்று பகுத்தறிந்து, பரிசோதனையின்போது மட்டும் புகையைச் சுத்தமாக்கும் தந்திரத்தை உலகமெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்களில் புகுத்துவதற்கு அவர்கள் எவ்வளவு அறிவையும் திரவியத்தையும் செலவழித்திருப்பார்கள்! பரிசோதனையையே நடத்தாமல் விட்டுவிட்டால் ஏமாற்றவேண்டிய அவசியமே எழாது என்னும் சூட்சுமத்தை அவர்களுக்கு எடுத்துரைக்க அந்த தேசத்தில் தங்களைப்போல் ஒருவர் இல்லாமற்போனது அவர்களுடைய துரதிருஷ்டம்.

என் மனத்தைத் திருப்பியது சட்டமன்று. பஸ் நிறுத்தத்து டீக்கடை அம்மாள். ஒருநாள் என் வண்டி கடை முன்னே வந்து நின்றதும், அவர் அவசரமாக ஒரு தட்டை எடுத்துப் பால் போசியை மூடினார். “உங்க வண்டிச் சத்தம் கேட்டாலே மூடிப்போடறேனுங்க தம்பி, இல்லீன்னா பால் மேல கருப்பா ஏடு கட்டுதுங்க” என்றார். டீசல் புகை புற்றுநோயை விளைவிப்பது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2012இல் தீர்மானித்ததைப் படித்தபோதுகூட அசையாத என் நெஞ்சு, அந்தத் தட்டின் ஓசையில் அசைந்துவிட்டது.

மூன்று நடை வாடகையை விழுங்கிப் புதிய வடிகட்டி வந்தது, நாசில் மாறிற்று, டிரைவரும் நிற்கும்போது எஞ்சினை அணைக்கப் பழகினார். பின்னர் வண்டியோடு தங்கள் சந்நிதிக்கே வந்து, எஞ்சின் சூடேறியபின் ஆக்சிலேட்டரைப் பலமுறை முழுவதும் மிதித்துப் புகையின் அடர்த்தியை விதிப்படி அளக்கவேண்டும் என்று பிரார்த்தித்தேன். தங்கள் உதவியாளப் பையன் திகைத்துப்போய், “குழாயை உள்ளே விடணுங்களா?” என்று கேட்டு, அளவுகருவியின் பிளாஸ்டிக் உறையை முதன்முறையாகக் கிழித்தான். அக்கருவியும் கருமையை மட்டுமே காணுமன்றி, கண்ணுக்குப் புலப்படாத நைட்ரஜன் ஆக்சைடைக் காணாது. யூரியாத் தொட்டி வறண்டு கிடந்தாலும் அது வாழ்த்தியே அனுப்பும். ஆயினும் உறை கிழிந்ததே ஒரு யுகப்புரட்சி என்று மகிழ்ந்து, அவன் தந்த சான்றைப் பெற்றுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து இவ்வாண்டுச் சான்றைச் சென்ற ஆண்டுச் சான்றோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தேதி ஒன்று நீங்கலாக இரண்டுக்கும் எழுத்தளவும் வேற்றுமை இல்லை. டீக்கடைப் போசியோ இப்போது என் வண்டி வந்து நின்றாலும் திறந்தே இருக்கிறது.

ஆகவே, தேதிகளை மட்டும் தாள் ஒட்டி மறைத்து, இரு சான்றுகளையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். எது எந்தப் புகைக்கு உரியது என்று தங்கள் ஞானதிருஷ்டியால் கண்டு, குறித்து அனுப்பவேண்டுகிறேன். இயலாதாயின், அருள்கூர்ந்து அந்த அம்மாளின் தட்டை ஒரு வாரம் இரவல் வாங்கிக்கொள்ளலாம்.

இங்ஙனம்,
தங்களால் இருமுறை நற்சான்று பெற்ற
லாரிக்காரன்