அறுவடையில் வந்த பதர்

டப்ளின் கோர் என்றதும் அயர்லாந்துக்குப் போய்விடாதீர்கள். அது நூல்களின் தலைப்பு, ஆசிரியர், தேதி போன்ற விவரங்களை, அதாவது மேல்தரவை, எழுதிவைக்கும் முறை. 1995-இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து டப்ளினில் கூடிப் பேசிப் பிறந்தது. 15 புலங்கள், எதையும் நிரப்பலாம், நிரப்பாமலும் விடலாம். இரண்டாவது சலுகையை யார்தான் விடுவார்கள்!

2001-இல் வந்த ஓஏஐ என்ற மேல்தரவுப் பரிமாற்ற நெறிமுறைப்படி, ஒரு நூலகத்தின் கணினி இன்னொன்றின் மேல்தரவை அறுவடை செய்துகொண்டு போகும். நெல்லா, பதரா என்று கேட்காது. ஓரிடத்தில் உ.வே.சாமிநாதையர், இன்னோரிடத்தில் சுவாமிநாத ஐயர், வேறோரிடத்தில் யு.வி. என்று எழுதிவைத்தால், அந்தக் கணினிக்கு அவர் மூன்று பேர்தான். 1894-இல் அச்சேறிய அவருடைய புறநானூற்றுப் பதிப்புக்கு, வெளியீட்டுத் தேதியாக, ஸ்கேன் செய்த 2009-ஐயே போட்டுவிட்டால் போதும். ஆய்வாளரின் வரைபடத்தில் புறநானூற்றுப் புலவர்கள் 2009-இல் அறிமுக எழுத்தாளர்களாக வந்து நிற்பார்கள்.