ஓ.டி.பி. சொல்லாத பெரியவர்

சென்னை அசோக் பில்லரைச் சுற்றியுள்ள அவென்யூக்களில் தெருவுக்கு நாலு பேராவது இப்படித் தேறுவார்கள். வங்கியிலோ ஏ.ஜி. ஆபீசிலோ கணக்குப் பார்த்து ரிட்டயர் ஆனவர். மகன் டல்லாஸ், மகள் சிட்னி. அப்பாவுக்குச் சம்பளத்துக்குப் பேச்சுத் துணை வைப்பதென்று இருவரும் வாட்ஸ்அப்பில் தீர்மானம் போட்டுவிட்டார்கள். முதியவர்களுக்கு இளைஞர்களைத் துணைக்கு அனுப்பும் குட்ஃபெல்லோஸ் நிறுவனத்தில் 2022இல் ரத்தன் டாட்டாவே முதலீடு செய்தார் என்று மகன் சொன்னான். டோக்கியோவில் ஷோஜி மோரிமோட்டோ என்பவர் காசு வாங்கிக்கொண்டு சும்மா கூட இருக்கிறார் என்றாள் மகள்.

"சும்மா இருக்கக் காசா? எங்க ஆபீஸ்ல பாதிப் பேர் அதுக்குத்தானேம்மா சம்பளம் வாங்கினாங்க."

ஏமாறுகிற ஆள் இல்லை அவர். முதல் ஏஜென்சி பதிவுக் கட்டணம், அடையாள அட்டைக் கட்டணம், திருப்பித் தரும் முன்பணம் என்று அடுக்கியது. "திருப்பித் தரப்போற பணத்தை எதுக்குப்பா வாங்கறே?" என்றார். லைன் கட். இன்னொருவன் கியூஆர் கோடு அனுப்பி, "ஸ்கேன் பண்ணி பின் போடுங்க சார், ஆஃபர் பணம் உங்களுக்கு வந்துடும்" என்றான். பணம் வாங்க யூபிஐ பின் தேவையே இல்லை என்று அவனுக்கு அரை மணி வகுப்பெடுத்தார். மோசடிக்காரனே சலித்துப் போனை வைத்தான். பைசா செலவில்லாமல் கிடைத்த பேச்சுத் துணை!

கடைசியில் தெரிந்தவர் மூலம் ஒரு பையன் கிடைத்தான். ஆதார் பார்த்தார். தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சரிபார்ப்புக்கு விண்ணப்பித்தார். முதல் சந்திப்பை வீட்டில் வைக்காமல் ஓட்டலில் வைத்தார். காபிக்குத் தனித்தனி பில்.

அப்புறம் வாயைத் திறந்தார். டபராவில் காபி ஆறுவதற்குள் பையனுக்குத் தெரிந்துவிட்டவை: பென்ஷன் எந்தக் கிளைக்கு வருகிறது, எஃப்.டி. எந்த மாதம் முதிர்கிறது, மறைந்த மனைவியின் ஒட்டியாணம் எந்த லாக்கரில், பீரோ சாவி எந்தச் சாமி படத்துக்குப் பின்னால், ஏ.டி.எம். பின்னாக வைத்திருக்கும் மகள் பிறந்த வருஷம். ஓ.டி.பி.யை மட்டும் சொல்லவில்லை. இன்னும் வரவில்லை, அதனால்.

பையன் நல்லவன். வயிறு கலங்கி, "சார், மேட்ச் பத்திப் பேசலாமா?" என்றான்.

உங்கள் வீட்டிலும் இவர் இருந்தால், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைப் பெரிய எழுத்தில் போன் பக்கத்தில் ஒட்டுங்கள். பணம் போன கையோடு அழைத்தால் அதை முடக்கி வைக்க வாய்ப்புண்டு. பீரோ சாவியையும் இடம் மாற்றிவிடுங்கள். புது இடத்தை அவரிடம் சொல்லாதீர்கள்.