கொரோனாவைத் தூக்கிக்கொண்டு மலையேறியவர்

மலையையும் மேகத்தையும் படமெடுக்கப் புதிதாகக் கேமரா வாங்கியவரிடம் ஊர் கேட்கும் முதல் கேள்வி, "நிக்கானா, கேனானா?" இரண்டும் இல்லை என்று சொல்லிப் பாருங்கள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைக்கு வேலை இல்லை என்று தெரிந்த மாதிரி ஓர் அமைதி விழும்.

1927 ஏப்ரலில், பின்னாளில் பேர்போன போட்டோகிராபர் அன்சல் ஆடம்ஸ் கலிபோர்னியாவின் யோசெமிட்டி மலைக்குத் தூக்கிப்போன கேமராவின் பெயர் கொரோனா. முகக்கவசம் தேட வேண்டாம், இது வேறு. அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரத்தில் குண்ட்லாக் கம்பெனிக்காரர்கள் செய்த மரப்பெட்டி. முன்னால் லென்ஸ், பின்னால் கண்ணாடித் தட்டு, நடுவே ஆர்மோனியத் துருத்தி. ராச்செஸ்டரோ கோடாக்கின் சொந்த ஊர். அங்கே இன்னொருவர் கேமரா விற்பது, இருட்டுக்கடைக்கு எதிர்த்தாற்போல் அல்வாக்கடை போடுகிற துணிச்சல்.

ஆளும் அப்போது பெரிய பிராண்டு இல்லை. வயது 25. பியானோக் கலைஞராவதாகத்தான் பேச்சு. 1906 சான் பிரான்சிஸ்கோ பூகம்பத்தின் பின்னதிர்வில் தோட்டத்துச் சுவரில் மோதி உடைந்த மூக்கு, கோணியது கோணியபடியே நின்றுவிட்டது. கோடாக்கும் ஒரு காலத்தில் அவர் கையில் இருந்தது, இல்லாமல் இல்லை. 1916இல், 14 வயதில், குடும்பத்தோடு யோசெமிட்டி போனபோது பெற்றோர் ஒரு பிரௌனி பாக்ஸ் கேமரா கொடுத்தார்கள். பையன் ஹாஃப் டோம் மலையை எடுக்கிறேன் என்று மக்கிப்போன ஒரு மரக்கட்டைமேல் ஏறினான். கட்டை நொறுங்கியது. தலைகுப்புற விழும் வழியில் விரல் தன் கடமையைச் செய்தது. மலை தலைகீழாகப் பதிவானது. பேர்போன பிராண்டு செய்த உதவி அது.

பதினோரு வருஷம் கழித்து அதே மலை, பெயரில்லாத பெட்டி. ஆறரைக்கு எட்டரை அங்குலக் கண்ணாடித் தட்டுகள் 12, முக்காலி, லென்ஸ், ஃபில்டர் எல்லாம் சேர்த்து 40 பவுண்டு முதுகில். கண்ணாடியை மூட்டை கட்டிக்கொண்டு பனியில் பாறையேறுகிற மனுஷனோடு காதலி வர்ஜீனியாவும் மூன்று நண்பர்களும் போனார்கள். நட்பு என்றால் அப்படி.

போய்ச் சேர வேண்டிய இடம், பள்ளத்தாக்கின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் 'டைவிங் போர்டு' என்ற பாறை. வழியெல்லாம் தட்டைச் செலவழித்துக்கொண்டே வந்ததில், அங்கே சேர்ந்தபோது மிச்சம் இரண்டு. காலைக் காப்பிக்கு முன்பே நாற்பது செல்ஃபி எடுக்கும் நமக்கு இந்தக் கணக்கு புரியாது. மலையின் முகமோ நிழலில். வெயில் மெல்ல ஏறி வரட்டும் என்று உட்கார்ந்தார்.

முதல் தட்டுக்கு மஞ்சள் ஃபில்டர். எடுத்து முடித்த பிறகுதான் உறைத்தது: வானம் சாம்பலாக வரும், மலை பள்ளிக்கூட குரூப் போட்டோவில் நிற்கும் தலைமையாசிரியர் மாதிரி ஒழுங்காக நிற்கும். கண்முன் மிரட்டிக்கொண்டிருந்த பூதம் அதில் இருக்காது. மிச்சம் ஒரே தட்டு. அடர்சிவப்பு ஃபில்டரை மாட்டினார். சிவப்புக் கண்ணாடி நீல ஒளியை மறித்துவிடும். அதனால் வானம் கிட்டத்தட்டக் கருப்பாகிவிடும், நிழல்களும் கனத்துவிடும். அந்தக் காலத்துத் தட்டுகளில் பல சிவப்புக்குக் குருடு. இவரிடம் இருந்தது எல்லா நிறத்துக்கும் கண்திறந்த பான்குரோமாட்டிக் தட்டு. சிவப்பு ஃபில்டர் வெளிச்சத்தையும் சேர்த்து விழுங்கும் என்பதால் 5 விநாடி திறந்து வைக்க வேண்டியிருந்தது. காற்று அடித்தால் துருத்தி ஆடும், அடுத்த தட்டு கிடையாது. மலை ஆடாது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

'மோனோலித், ஹாஃப் டோமின் முகம்' என்று உலகம் கொண்டாடும் படம் அந்தக் கடைசித் தட்டுதான். கொரோனாவுக்கு அதில் ஒரு சல்யூட்கூடக் கிடைக்கவில்லை.

பெயர்ப் பைத்தியம் வேறு வழியில் வந்து பிடித்தது. அதே வருஷம் அவருடைய 18 படங்களைப் பெட்டியில் போட்டு விற்றபோது, 'போட்டோ' என்று சொன்னால் காசுள்ளவர்கள் வாங்க மாட்டார்கள் என்ற பயம். அகராதியில் இல்லாத 'பார்மேலியன் பிரிண்ட்' என்ற சொல்லை உண்டாக்கி ஒட்டினார்கள். கேமராவுக்குப் பேர் இல்லை, படத்துக்கோ இல்லாத பேர்.

1928இல் வர்ஜீனியாவைக் கல்யாணம் செய்துகொண்டார். மாப்பிள்ளை காலில் பாஸ்கெட்பால் ஷூ. அது என்ன பிராண்டு என்று ஆராய ஒரு கூட்டம் கிளம்பாமல் இருக்க வேண்டும்.