நல்ல நாள் பார்த்து நிறுத்தினார்கள்

தீபாவளிக்கு ஆறு நாள் இருந்தது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலை நெடுக முறுக்கு டின்னும் கோலமாவும் அடுக்கிய பந்தல்கள்; நடக்க இடமில்லை. ஊரே பழையதைக் கழித்துப் புதியதை வாங்கிக்கொண்டிருந்த அந்தச் செவ்வாய்க்கிழமையைத்தான் மைக்ரோசாப்ட் நிறுவனமும் தேர்ந்தெடுத்தது. 2025 அக்டோபர் 14. விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் அன்றோடு நின்றன. நம் பண்டிகைக்கு ஏற்றபடி அமெரிக்காவில் உட்கார்ந்து பஞ்சாங்கம் கணித்தவர்களுக்கு முதலில் ஒரு கும்பிடு. நரகாசுரன் தன் சாவை ஊர் கொண்டாட வேண்டும் என்று வரம் கேட்டு வாங்கினான். விண்டோஸ் 10 பாவம், கேட்கத் தெரியாத பிள்ளை. கேட்காமலே கொடுத்தார்கள்.

திடீரென்று செய்துவிட்டார்கள் என்று சிலர் புலம்புகிறார்கள். நன்றி கெட்ட பேச்சு. 2015 ஜூலையில் அது பிறந்தபோதே ஆயுள் பத்து வருடம் என்று ஜாதகத்தில் எழுதிவைத்த உத்தமர்கள் அவர்கள். அதே ஆண்டு மே மாதம் சிகாகோவில் நடந்த அவர்களுடைய மாநாட்டில் ஓர் ஊழியர் மேடையேறி, இதுதான் கடைசி விண்டோஸ் என்று சொன்னாரே என்று கேட்கலாம். சொன்னார்தான். ‘போதும்பொண்ணு’ என்று பெயர் வைத்த பிறகு நம் குடும்பங்களில் இன்னொன்று பிறந்ததே இல்லையா? 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 பிறந்தது. தாயும் சேயும் நலம். மூத்ததைப் பார்த்துக்கொள்ளத்தான் ஆளில்லை.

என் மடிக்கணினி 2017-இல் வாங்கியது. முரசு அஞ்சல் மென்பொருளில் தமிழ் தட்டித் தட்டி ‘ஏ’ விசையும் ‘என்’ விசையும் வழுக்கையாகிவிட்டன. பேட்டரியை ஒரு தடவை மாற்றினேன். மற்றபடி காய்ச்சல் தலைவலி என்று படுத்ததில்லை. அது விண்டோஸ் 11-க்கு ஏறுமா என்று பார்க்க அவர்களே ஒரு சோதனைச் செயலி தந்திருக்கிறார்கள். ஓட்டிப் பார்த்தேன். நோய் என்று ஒன்றும் சொல்லவில்லை. தகுதி இல்லை என்றது. பெண் பார்க்க வந்தவர்கள் கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டு, ஊருக்குப் போய்ச் சேர்ந்து, ஜாதகம் பொருந்தவில்லை என்று ஆள் விட்டுச் சொல்வார்களே, அந்த நாகரிகம்.

அன்று ராத்திரி மூடியை வழக்கத்தைவிட மெதுவாகச் சாத்தினேன். ‘உன்மேல் தப்பு ஒன்றுமில்லை’ என்று அதனிடம் சொல்லத் தோன்றியது. அப்படியென்றால் தப்பு யார்மேல்? என்மேல்தான். 2017-இல் அவசரப்படாமல் இரண்டு வருஷம் பொறுத்து வாங்கியிருக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கியவனையே இப்படிக் குற்ற உணர்ச்சியில் தூங்கவிடாமல் வைத்து, அவன் மனசாட்சியைத் தட்டி எழுப்பும் நிறுவனங்கள் உலகத்தில் எத்தனை இருக்கும்?

பாதுகாப்புக்காகத்தான் இந்தக் கண்டிப்பு. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, கணினியின் ரகசியச் சாவிகளை மற்ற நிரல்கள் தொட முடியாதபடி பூட்டிவைக்கும். அது கட்டாயம் என்றார்கள். நியாயம், என் கணினியிலும் அது இருக்கிறது. ஆனால் இன்டெல் மூளை எட்டாம் தலைமுறையாக இருக்க வேண்டும் என்றார்கள். என்னுடையது ஏழு. ஜனவரி இரண்டாம் தேதி பிறந்த பிள்ளையை இந்த வருஷம் சேர்க்க முடியாது என்று திருப்பி அனுப்பும் தலைமையாசிரியரின் கறார். அதற்காக ஈரமே இல்லாதவர்கள் என்று சொல்லிவிடக் கூடாது. ஏழாம் தலைமுறையில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில சில்லுகளுக்கு 2021 ஆகஸ்டில் விலக்குக் கொடுத்தார்கள். அவற்றில் ஒன்று மைக்ரோசாப்ட் தானே தயாரித்து விற்ற சர்ஃபேஸ் ஸ்டுடியோ 2-க்குள் இருந்தது. மாமியார் உடைத்தால் மண்சட்டி என்று இதற்குப் பழமொழி எடுப்பவர்கள் பிள்ளைப்பாசம் அறியாதவர்கள்.

இன்டெல் நமக்கு அந்நியமும் இல்லை. 1972-இலிருந்து பினாங்கில் அதன் ஆலை ஓடுகிறது. நம் ஊர்ப் பெண்கள் எத்தனையோ பேர் அங்கே சில்லு பொருத்தியும் சோதித்தும் தம்பி தங்கைகளைப் படிக்கவைத்தார்கள். நன்றாக ஓடும் என்று சோதித்து முத்திரை போடுவதோடு அவர்கள் வேலை முடிந்தது. எதுவரைக்கும் ஓடவிடலாம் என்று முடிவு செய்வது வேறு பெரியவர்களின் வேலை.

அந்தப் பெரியவர்களின் அன்பை நான் நேரில் அனுபவித்தவன். பத்து ஆண்டுக்கு முன்னால் இதே விண்டோஸ் 10-ஐ ஏற்றுக்கொள், ஏற்றுக்கொள் என்று திரையில் ஒரு பெட்டி வந்து கெஞ்சும். இலவசம் வேறு. வேண்டாம் என்று மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்தி மூடினால், 2016 மே மாதவாக்கில் அதையும் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ஏற்றும் நேரத்தைக் குறித்துவைத்தது அந்தப் பெட்டி. நம் கல்யாணத் தரகர்கள்கூட வேண்டாம் என்று சொன்னால் ஒரு வாரமாவது விட்டுப் பிடிப்பார்கள். அன்று வேண்டாம் என்றவனையும் விடாமல் இழுத்துச் சேர்த்த அன்பு, இன்று வேண்டும் என்று நிற்பவனை வாசலில் நிறுத்துகிறது. பெற்றவளுக்குத்தான் தெரியும், பிள்ளையை எப்போது தூக்குவது எப்போது இறக்கிவிடுவது என்று.

இறக்கிவிட்டாலும் ஒரேயடியாகக் கைவிடவில்லை. மேலும் ஒரு வருஷத்துக்கு, 2026 அக்டோபர் 13 வரைக்கும், பாதுகாப்புத் திருத்தம் வேண்டுமா? 30 அமெரிக்க டாலர். அன்றைய மதிப்பில் நம் காசுக்கு நூற்று இருபது முப்பது வெள்ளி. காசில்லாத ஏழைக்கும் வழி வைத்திருக்கிறார்கள். உன் கணினியின் அமைப்புகளை எங்கள் மேகக்கிடங்கில் காப்புக்கு வை, சும்மா தருகிறோம் என்கிறார்கள். அதுவும் முடியாதவன் அவர்களுடைய சேவைகளைச் சுற்றிச் சுற்றி வந்து 1000 வெகுமதிப் புள்ளி சேர்த்துக் கொடுக்கலாம். பத்துமலை ஏறுகிறவனுக்காவது 272 படி.

ஐரோப்பாவில் நுகர்வோர் அமைப்புகள் சட்டத்தைக் காட்டிப் பேசியதும், அந்த வட்டாரத்துக்கு மட்டும் காசும் வேண்டாம், காப்பும் வேண்டாம் என்று தளர்த்திவிட்டார்கள். நமக்கு அந்தச் சலுகை இல்லை. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, அழுத பிள்ளைக்குத்தானே பால். நாம் அழவில்லை, தீபாவளி வேலையாக இருந்தோம்.

வணிக நிறுவனங்களுக்கு வைத்த கட்டணம்தான் என் மனத்தைக் கவர்ந்தது. முதல் வருஷம் கணினிக்கு 61 டாலர், அடுத்த வருஷம் 122, மூன்றாவது வருஷம் 244. லெபோ அம்பாங் கிட்டங்கிகளில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தலைமுறை தலைமுறையாக வட்டிக் கணக்கு எழுதிய செட்டியார்களுக்கு இந்த இரட்டிப்பு வாய்ப்பாடு தோன்றாமல் போயிற்றே. விளக்குக் கம்பத்தில் தொலைபேசி எண் ஒட்டிவைத்திருக்கும் கந்துவட்டி ஆலோங் தம்பிகளுக்கு மட்டும் ஏதோ விட்டகுறை தொட்டகுறையாகத் தோன்றியிருக்கிறது.

புக்கிட் பிந்தாங் பக்கம் ஒரு கணினிக் கடையில் விசாரித்தேன். பேரன் வயதுப் பையன்.

“அங்கிள், இது நல்லா ஓடுது. ஆனா ஓடுதுன்னு வெச்சிருக்கக் கூடாது.”

இத்தனை நூற்றாண்டுத் தமிழ் மெய்யியலில் யாருக்கும் வராத வாக்கியம். புதிய மடிக்கணினி ஒன்றை எடுத்துக் காட்டினான். கண்ணாடி மாதிரி இருந்தது. செயற்கை அறிவைக் கூப்பிடுவதற்கென்றே தனி விசை ஒன்று அதில் உண்டு. அதியமான் தூதாகத் தொண்டைமானிடம் போன ஔவையார் ஆயுதக் கொட்டிலைச் சுற்றிப் பார்த்த கதை நினைவுக்கு வந்தது. தொண்டைமானின் வேல்கள் நெய் பூசி, மாலை சூட்டி, காவலோடு பளபளவென்று நின்றன. அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடந்தன. ஔவை தொண்டைமானைத்தான் புகழ்ந்தாள். நானும் அந்தப் புதிய கணினியை மனதாரப் புகழ்ந்துவிட்டு, வழுக்கை விசைகளோடு வீட்டுக்கு வந்தேன்.

மைக்ரோசாப்டுக்கு மலேசியாமேல் நம்பிக்கை இல்லை என்று மட்டும் யாரும் சொல்லிவிட முடியாது. 2024 மே 2-ஆம் தேதி சத்யா நாதெள்ளா கோலாலம்பூருக்கே வந்து, மேகக்கணிமைக்கும் செயற்கை அறிவுக்கும் நான்கு ஆண்டில் 220 கோடி டாலர் முதலீடு என்று அறிவித்தார். நாட்டின்மேல் அவ்வளவு நம்பிக்கை. நாட்டு மக்கள் மடியில் இருப்பதன்மேல்தான் இல்லை.

கழித்துக் கட்டுகிற கணினிகள் எங்கே போகும்? கேனலிஸ் என்ற ஆய்வு நிறுவனம் 2023 டிசம்பரில் ஒரு கணக்குப் போட்டது: விண்டோஸ் 10 நின்றால் 24 கோடிக் கணினிகள் மறுவிற்பனைக்கு ஆகாமல் போகலாம், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நிலாவைத் தாண்டும். நிலாவுக்குப் போவது செலவு. கிள்ளான் துறைமுகம் பக்கம். மின்கழிவு நம் நாட்டில் எஸ்டபிள்யூ 110 என்று எண் குத்திய அட்டவணைக் கழிவு. 2025-இல் அனுமதி இல்லாமல் அதை இறக்க முடியாது என்று விதி இருந்தது. இருந்தும் பழைய உலோகம் என்று பொய்ச்சீட்டு ஒட்டி வந்த மின்கழிவுக் கொள்கலன்கள் அங்கே பிடிபட்டபடிதான் இருக்கின்றன. பினாங்கில் பொருத்திய சில்லு உலகம் சுற்றி, பணி ஓய்வு பெற்று, கிள்ளானில் வந்து இறங்குகிறது. பெண்ணைப் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அனுப்புவோம். சாவதற்கும் தாய்வீட்டுக்கே அனுப்பிவைக்கும் பெரிய மனசை இப்போதுதான் பார்க்கிறேன்.

அதே கிள்ளானில் தெங்கு கிளானா சாலைக்குப் பின்னால் ஓர் அச்சகம் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கருமக்கிரியை அறிவிப்பு. அதை நடத்தும் அண்ணன் வைத்திருப்பது விண்டோஸ் எக்ஸ்பி. 2014 ஏப்ரல் 8-ஆம் தேதி உயிர் விட்டது. வருஷா வருஷம் திவசம் வந்து போகிறது. இன்னும் கருமக்கிரியைக் கார்டு அடித்துக்கொண்டிருக்கிறது.

“இண்டர்நெட் கிடையாது தம்பி. வலை இருந்தாத்தானே மீன் மாட்டும்?” என்பார். பென்டிரைவைக்கூட முகம் பார்த்துத்தான் செருகுவார். 2017-இல் வான்னக்ரை என்ற பணயத் தீநிரல் உலகத்தில் பல மருத்துவமனைகளைக் கலங்கடித்தபோது, செத்து மூன்று வருஷமான எக்ஸ்பிக்கும் மைக்ரோசாப்ட் ஒரு திருத்தம் வெளியிட்டது. இருக்கும்போது பார்க்க வராத பிள்ளை திவசத்துக்கு விமானம் பிடித்து வந்தது. அண்ணன் அதைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை.

அவர் மாறாததற்குக் காரணம் கஞ்சத்தனம் இல்லை. அவருடைய சொத்தெல்லாம் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு நிரலின் கோப்பில் இருக்கிறது. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்த 7.0, அதற்கு யூனிகோடு என்ற பொது எழுத்துக் குறியீடு தெரியாது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் டாம், டாப் என்று தமிழுக்கு இரண்டு எழுத்துக் குறியீடுகள் முடிவாயின. அந்தக் காலத்து எழுத்துருக்களில், வேற்றுமொழி எழுத்தும் குறிகளும் இருக்கவேண்டிய கட்டங்களில் தமிழைக் குடிவைத்திருப்பார்கள். எழுத்துரு இருந்தால் ‘திருநிறைச்செல்வி’. இல்லாவிட்டால் வெறும் கிறுக்கல். 2010-இல் தமிழ்நாட்டு அரசு யூனிகோடைத் தரம் என்று அறிவித்தது. மாற்றித்தர நிரல் உண்டு. மாற்றியபின் ஒவ்வொரு பெயரையும் யாராவது உட்கார்ந்து பார்க்க வேண்டும். மணப்பெண் பெயரில் ஒரு ‘ண’ ‘ன’ ஆகிவிட்டால் சம்பந்தி வீட்டுக்கு யார் பதில் சொல்வது? மலேசியாவில் 1985-இல் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளைக் கொண்டுவந்ததிலிருந்து தமிழ் எத்தனையோ கணினிகளில் ஏறி இறங்கிவிட்டது. ஒவ்வொரு தடவையும் மூட்டை தூக்கியவர்கள் நம் ஆட்கள். மாறச் சொன்னவர்கள் நன்றாக வழி காட்டினார்கள்.

இத்தனை நன்மை செய்தவர்களுக்கு வெறுமனே நன்றி சொன்னால் போதாது என்று, ஒரு வாழ்த்து மடல் அச்சடிக்க அந்த அண்ணனிடமே போனேன். தங்க விளிம்பு, மேலே பிள்ளையார் சுழி, கீழே குத்துவிளக்கு. ‘பத்தாண்டில் கைவிட்ட பெருந்தகைக்கு’ என்று எக்ஸ்பியில் தட்டிக் கொடுத்தார். மின்னஞ்சலில் அனுப்பலாமா என்றேன்.

“அவங்கக்கிட்ட இந்த எழுத்துரு இருக்காது தம்பி. திறந்தா ஒண்ணும் புரியாது. தபால்ல போடுங்க.”

நூறு படிக்குக் குறைந்து அவர் அடிப்பதில்லை. ஒன்றைத் தபாலில் சேர்த்தாயிற்று. மிச்சம் 99 என்னிடம் இருக்கிறது; நிறுவனத்தின் பெயர் வரும் இடத்தை வெற்றாக விடச் சொல்லிவிட்டேன். உங்கள் கைப்பேசிக்கோ தொலைக்காட்சிக்கோ தேவைப்பட்டால் சொல்லி அனுப்புங்கள்.