சக்கர எடைக் குறைப்பியல்: கமுந்திங் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

0. தோற்றுவாய்

ஆய்வுக் கட்டுரை என்றால் ஆதிமனிதனிலிருந்து தொடங்க வேண்டும் என்பது மரபு. ஆதிமனிதன் சக்கரத்தைக் கண்டுபிடித்தான். அவனுக்கு நன்றி. இனி, கமுந்திங்.

1. ஆய்வுக் களமும் காலப் பகுப்பும்

பேராக் மாநிலத்தில், தைப்பிங்கை ஒட்டினாற்போல் இருக்கும் ஊர் கமுந்திங். இதன் வரலாற்றைச் சுல்தான்களை வைத்துப் பகுத்தவர்கள் உண்டு. சண்டைகளை வைத்துப் பகுத்தவர்களும் உண்டு. எடைக்கல்லை வைத்துப் பகுப்பது இதுவே முதன்முறை. (இவ்வாக்கியம் எல்லா ஆய்வேடுகளிலும் வருவதால் இதிலும் வருகிறது.)

அ) பிக்குல் காலம். கமுந்திங் அப்போது கிளியான் பாரு, ஈயச் சுரங்கம். கீ ஹின், ஹாய் சான் என்ற இரண்டு சீனச் சங்கங்கள் ஈயத்துக்காக வெட்டிக்கொண்டு, 1874 பங்கோர் உடன்படிக்கையோடு ஓய்ந்தன. ஈயம் பிக்குல் கணக்கில் நிறுக்கப்பட்டது. ஒரு பிக்குல் என்பது 100 காட்டி, 60 கிலோவுக்குச் சற்றே கூடுதல். 1885 ஜூன் 1 அன்று தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு மலாயாவின் முதல் ரயில் ஓடியதே இந்த எடையைச் சுமக்கத்தான்.

ஆ) ராத்தல் காலம். 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனார். மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் 9, பக்கத்துக் கோலகங்சாரில் ஹியூ லோ என்ற பிரிட்டிஷ் ரெசிடென்ட்டின் தோட்டத்தில் நடப்பட்டன. ஒன்று இன்னும் நிற்கிறது. அதன் பின்னால் தோட்டங்கள், தோட்டங்களின் பின்னால் தமிழர்கள், தமிழர்களின் பின்னால் கங்காணி.

இ) கிராம் காலம். நடப்பது. தோட்டம் செம்பனையாகிவிட்டது, தோட்டத்துப் பேரன் மலைச் சைக்கிள் வாங்கியிருக்கிறான், அதன் சக்கரம் கனம் என்கிறான்.

2. ஆய்வின் தேவை

1966இல் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில், தனிநாயகம் அடிகளாரின் முயற்சியால் நடந்தது. அதில் சைக்கிள் சக்கரத்தின் எடை பற்றி யாரும் கட்டுரை வாசிக்கவில்லை. அதற்குப் பின் நடந்த மாநாடுகளிலும் இக்குறை நீடிக்கிறது. இதைத்தான் ஆய்வு இடைவெளி என்பர்.

3. கருதுகோள்

எடை குறையக் குறைய விலை கூடும். இக்கருதுகோள் ஆய்வு தொடங்குமுன்பே நிறுவப்பட்டுவிட்டது. கருதுகோள்கள் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நெறியாளர்கள் விரும்புகிறார்கள்.

4. பெயர்க்காரணம்

அடுத்த மாநாட்டுக்கு ஒத்திவைக்கப்படுகிறது.

5. முன்னாய்வுகள்

காற்றடைத்த டயருக்கு ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845இல் காப்புரிமை பெற்றார். 1888இல் பெல்ஃபாஸ்டில் ஜான் பாய்ட் டன்லப் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காக அதையே மறுபடி கண்டுபிடித்துக் காப்புரிமை வாங்கினார். பிறகு தாம்சன் விஷயம் தெரியவந்து அந்த உரிமை செல்லாமல் போயிற்று. முன்னாய்வுகளைப் புரட்டாமல் ஆய்வேடு சமர்ப்பித்தால் என்ன ஆகும் என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் டன்லப்பின் பெயர்தான் நிலைத்தது என்பதால், தீய சான்றும்கூட.

தமிழில் இத்துறையின் மூலநூல் ‘சக்கரப்பாடியம்’. இந்நூல் இன்னும் எழுதப்படவில்லை. எனினும் மேற்கோள் காட்டப்படுவதற்கு அது தடையன்று.

6. உறுப்பியல்

ஹப்: நடுவை விட்டு நகராமல் இருந்துகொண்டு மற்றவற்றைச் சுற்ற வைப்பது. பல்கலைக்கழகத் துறைகளிலும் இவ்வுறுப்பு உண்டு.

ஆரக்கம்பி: 28 அல்லது 32. நடுப்பகுதி மெலிந்த கம்பி நல்லது. முனையிலுள்ள பித்தளை நிப்பிள்களை அலுமினியமாக மாற்றினால் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து ஏறக்குறைய 40 கிராம் குறையும். இந்த 40ஐ நினைவில் வைக்கவும்.

ரிம்: சாதாரண அலுமினியச் சக்கர ஜோடி 2 கிலோவைத் தாண்டும், நல்ல கார்பன் ஜோடி ஒன்றேகால் கிலோவிலும் கிடைக்கும். விளிம்பில் இருக்கும் எடை முன்னோக்கியும் ஓட வேண்டும், கூடவே சுற்றவும் வேண்டும். ஆகவே வேகம் பிடிக்கும்போது விளிம்பின் 100 கிராம், சட்டத்தின் 200 கிராமுக்குச் சமம். இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் படித்துவிட்டுக் கடன் அட்டையை நீட்டியவர்கள் பலர். அடுத்த வாக்கியம்: ஒரே சீராக மேடேறும்போது கிராமுக்குக் கிராம்தான், இரட்டிப்பெல்லாம் இல்லை. புக்கிட் லாருட் மலைப்பாதையில் நெடுக வேகம் கூட்டிக்கொண்டே போகிறவர் யாரும் இல்லை.

டயர்: ஓரத்தில் எஃகுக் கம்பி இருந்தால் கனம், அராமிட் நார் இருந்தால் இலேசு, மடிக்கவும் வரும். அந்நார் வகையில் பேர்பெற்ற கெவ்லாரை 1965இல் டூபாண்டில் கண்டுபிடித்தவர் ஸ்டெஃபனி குவாலெக். பக்கச் சுவர் மெலிந்தால் எடை இன்னும் குறையும். செம்பனைத் தோட்டத்தில் வெட்டிப் போட்ட மட்டையின் முள்ளுக்கு இச்செய்தி முன்பே தெரியும்.

சவாரி செய்பவர்: ஆய்வு எல்லைக்கு அப்பாற்பட்டவர்.

7. காற்று

29 அங்குலச் சக்கரத்தில் இரண்டேகால் அங்குல டயர் ஒன்றினுள் சுமார் 5 லிட்டர் இடம். 25 பிஎஸ்ஐ அழுத்தத்தில் அங்கே அடைபட்டிருக்கும் காற்று ஏறக்குறைய 15 கிராம். அழுத்தத்தை 30இலிருந்து 25ஆக இறக்கினால் 2 கிராம் மிச்சம். இது கணக்கு, கேலியில்லை.

இந்த 2 கிராமைச் சேர்ப்பதா விடுவதா என்பதில் கமுந்திங் அறிஞர்கள் இரண்டாகப் பிரிந்தனர். “காற்றும் எடையே” என்போர் ஒட்டுக்கடையின் இடப்பக்க மேசையிலும், “காற்று காற்றே” என்போர் வலப்பக்க மேசையிலும் அமர்ந்தனர். சக்கரப்பாடியம் இரண்டாம் இயலில் இதற்கு விடை இருக்கிறது (நூல் எழுதப்பட்டதும் பார்க்க). இடப்பக்க மேசையாரின் சான்று ‘வாயுநிறை விளக்கம்’, பிளாஸ்டிக் மேசைவிரிப்புப் பதிப்பு, கறிக்குழம்பு படிந்ததால் மூன்றாம் பத்தி சிதைவு. சிதைந்த பத்தியில்தான் தங்கள் கொள்கை இருந்தது என்று வலப்பக்கத்தார் வாதிட்டுப் பட்டமும் பெற்றனர்.

8. பால்

இங்குதான் ஆய்வு விரிகிறது. வாசகர் இன்னொரு தே தாரிக் சொல்லிவிட்டு வரலாம்.

டியூப் ஒன்று ஏறக்குறைய 200 கிராம். அதை உருவி எறிந்துவிட்டு, ரிம்மின் துளைகளைப் பட்டை ஒட்டி அடைத்து, டயருக்குள் 80 முதல் 100 மில்லி வெள்ளைத் திரவம் ஊற்றிக் காற்றடிப்பது இன்றைய வழக்கம். மலைச் சைக்கிளுக்கு டியூப் இல்லாச் சக்கரத்தை 1999இல் மாவிக், ஹட்சின்சன், மிஷெலின் கம்பெனிகள் கொண்டுவந்தன. முள் குத்தினால் திரவம் ஓட்டை வழியே பீறிடும், வெளிக்காற்றுப் பட்டு உறையும், ஓட்டை அடைபடும். திரவமும் பட்டையும் வால்வும் போக, நிகர மிச்சம் சக்கரத்துக்கு 100 கிராமுக்கும் கீழே.

அந்தத் திரவம் என்ன? பெரும்பாலான புட்டிகளில் ரப்பர் பால். உறைந்துவிடாமலிருக்க அமோனியா சேர்த்த, சாட்சாத் ரப்பர் பால்.

இவ்விடத்தில் தாவரவியல் குறுக்கிடுகிறது. பட்டையில் காயம் பட்டால் மரம் பால் விடும். அந்தப் பாலே உறைந்து காயத்தை அடைக்கும். மரத்துக்குத் தேவை அடைப்பு; தோட்டத்துக்குத் தேவை ஒழுக்கு. அதனால்தான் குளிர்ச்சி இருக்கும் விடியற்காலையில், பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்பு முடிந்த கையோடு தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்கு ஓடினார்கள். வெயில் ஏறினால் மரம் கடையை மூடிவிடும். மூன்று தலைமுறை அந்த அடைப்போடு மல்லுக்கட்டியது. நான்காம் தலைமுறை அதே அடைப்பைப் புட்டியில் காசு கொடுத்து வாங்கி, “அடை, அடை” என்று சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இந்தப் பால் சில மாதங்களில் காய்ந்துவிடும். நம் ஊர்ச் சூட்டில் இன்னும் சீக்கிரம். உள்ளே எவ்வளவு மிச்சம் என்று அறிய இரு நெறிகள் உண்டு. சக்கரத்தைக் காதருகே வைத்துக் குலுக்குவோர் செவிநெறியார். வால்வு வழியே குச்சி விட்டு நனைகிறதா என்று பார்ப்போர் குச்சிநெறியார். குச்சிநெறியை மறுத்து எழுந்த ‘குச்சி முறிப்பு’ என்னும் நூலுக்கு ‘முறிந்த குச்சி’ என்றொரு மறுப்பும், அம்மறுப்புக்கு மூல ஆசிரியரே புனைபெயரில் எழுதிய பாராட்டுரையும், பாராட்டுரையில் காற்புள்ளி ஒன்று இடைச்செருகல் என்று நிறுவும் முனைவர்ப் பட்ட ஆய்வேடும் (மூன்று தொகுதிகள், இரண்டாவது மட்டும் கிடைக்கவில்லை, முதலும் மூன்றாவதும் தொடங்கப்படவில்லை) உண்டு. இவை அனைத்தும் ஒருவரே ஒரே மாலையில் மேற்கோள் காட்டியவை. அவர் இப்போது தேர்வாளர் குழுவில் இருக்கிறார்.

கள ஆய்வு: சைக்கிள் பட்டறை ஒன்று. தகவலாளி: பேரனுக்குத் துணையாக வந்த பாட்டி, எண்பது கடந்தவர், தொழில் பால்மரம் வெட்டு (ஓய்வு). பட்டறைக்காரர் டயரை ரிம்மிலிருந்து பிரித்தார். உட்புறம் முழுக்க மஞ்சள் பூத்த தோல் படிந்து, வால்வுப் பக்கம் நெல்லிக்காய் அளவில் உருண்டையாய்த் திரண்டிருந்தது.

“காஞ்சு போச்சு லா, தம்பி. புதுசா ஊத்தணும்” என்றார் பட்டறைக்காரர்.

பாட்டி எழுந்து வந்து நகத்தால் ஒரு ஓரத்தை நெம்பினார். தோல் ஒரே இழுப்பில் நெடுக உரிந்து வந்தது. சுருட்டி முகர்ந்தார்.

“ஒட்டுப்பாலு. இதுக்காடா காசு குடுத்தே?”

“பாட்டி, அது டயர் பஞ்சரானா அடைக்கிற மருந்து.”

“மருந்தா? மங்குலருந்து உரிச்சு உரிச்சுச் சாக்குல போட்டிருக்கேன். இதத் தூக்கிப் போட்டுறாத, ஒட்டுப்பாலுக்குத் தனி நிறுவை.”

ஆய்வாளர் ஒலிப்பதிவுக் கருவியை நீட்டியதும் தகவலாளி, “நீ சாப்பிட்டியாப்பா?” என்று கேட்டார். வினாநிரலில் இல்லாத வினா என்பதால் இத்தரவு நீக்கப்படுகிறது.

நீக்க முடியாத தரவு ஒன்று உண்டு. ராத்தல் காலத்தில் பாட்டி காண்டாக் கம்பில் இரண்டு வாளிப் பாலைத் தோளில் தொங்கவிட்டு, மேடும் பள்ளமுமாக ஸ்டோருக்கு நடந்தார். அங்கே தோட்டத்து எழுத்தரான கிராணியார் நிறுத்தார். பாலில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் ரப்பர், மிச்சமெல்லாம் பெரும்பாலும் தண்ணீர். எனவே மெட்ரோலாக் என்ற மிதவையை விட்டு, கழித்து, அப்புறம்தான் கணக்கில் எழுதினார். தராசு முள் இன்னும் கொஞ்சம் ஏறாதா என்று பாட்டி நின்றார். பேரன் சமையலறை டிஜிட்டல் தராசில் டயரை வைத்து, எண் இன்னும் கொஞ்சம் இறங்காதா என்று நிற்கிறான். எடையை விற்றுக் காசு பார்த்த ஊர், காசு கொடுத்து எடையைத் தொலைக்கிறது. இரண்டு தடவையும் காசு வேறு யாரிடமோ போய்ச் சேர்கிறது என்பது பொருளியல் துறையின் பாடு. நம் துறை இலக்கியம்.

9. சேறு, அல்லது எடை மீட்சி விதி

தைப்பிங் வட்டாரம் தீபகற்ப மலேசியாவில் மழைக்குப் பேர்போனது. ஆண்டுக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர். இன்று மழை உண்டா இல்லையா என்று பந்தயம் கட்டிய ஊர். மழைக்குப் பிந்தைய தோட்டப் பாதையில் செம்மண் டயரின் கட்டைகளுக்கு நடுவே அப்பிக்கொண்டு, குறைத்த அத்தனை கிராமையும் திருப்பித் தருகிறது. இதற்குக் கட்டணம் இல்லை.

10. முடிவுகளும் மேலாய்வுக்கான பரிந்துரையும்

முதல் முடிவு: சக்கரத்தில் எடை குறைக்க விரும்புவோர் டயரில் தொடங்குவது நலம். கனத்த கம்பி டயரை மாற்றினாலே ஜோடிக்குச் சில நூறு கிராம் குறையும், ரிம்மைவிட மலிவு. இது உண்மையாகவே பயன்படக்கூடிய முடிவு. கட்டுரையில் இது எப்படி நுழைந்தது என்பது விசாரிக்கப்பட்டு வருகிறது.

இரண்டாம் முடிவு: 1876இல் விதை கப்பலேறியது. 1976இல் கலிபோர்னியாவின் மரின் பகுதியில், மலைச் சைக்கிளுக்கு வித்திட்ட ரீபேக் பந்தயம் தொடங்கியது. இடைவெளி சரியாக 100 ஆண்டு. இதில் ஏதோ இருக்கிறது. என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஆய்வு மனப்பான்மை இல்லை.

மூன்றாவது, பரிந்துரை. 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்றின் எடை 5 கிராம். இருபுறமும் அச்சிட்ட 500 பக்க மாநாட்டுக் கட்டுரைத் தொகுதியில் 250 தாள். ஆக ஒன்றேகால் கிலோ. அதாவது, முழுசாக ஒரு கார்பன் சக்கர ஜோடி. தொகுதியை அச்சிடாமல் விட்டால் பேராளர் ஒவ்வொருவரும் அவ்வளவு இலேசாக வீடு திரும்புவார். அது கூடாதென்றால், தொகுதியிலிருந்து என் கட்டுரையையாவது நீக்கிவிடலாம்: பத்துத் தாள், 50 கிராம். அலுமினிய நிப்பிள் 40தான் தந்தது. பேராளர் கட்டணத்தை மட்டும் திருப்பித் தந்துவிடவும். டயர் வாங்க வேண்டியிருக்கிறது.