என் உயரத்துக்கு ஒரு மேடை

எங்கள் சமையலறை 1987-இல் அப்பா கட்டியது. கடப்பாக்கல் மேடை, சிமென்ட் அலமாரி, ஏணி போட்டால்தான் எட்டும் பரண், மூலையில் ஆட்டுக்கல். முதலில் அம்மாவும் பிறகு என் மனைவியும் ஒரு குறையும் சொல்லாமல் அதில் சமைத்தார்கள். குறை கண்டவன் நான். குடித்த காபி டம்ளரை வைக்க மட்டும் அந்தப் பக்கம் போகிறவன்.

ஒரு மாதம் யூடியூபில் மாடுலர் கிச்சன் படித்தேன். அந்த வம்சத்துக்கே பாட்டி 1926-இல் ஜெர்மனியில் பிறந்த ‘ஃபிராங்க்ஃபர்ட் சமையலறை’யாம். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4. வடிவமைத்தவர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர். அதற்குமுன் தான் சமைத்ததே இல்லை என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். எனக்குத் தெம்பு வந்துவிட்டது. அந்தத் தகுதி என்னிடமும் குறைவில்லாமல் இருந்ததே! அடுப்படியில் எந்த வேலைக்கு எத்தனை நேரம், எத்தனை நடை என்று அவர் கணக்குப் பார்த்து வரைந்தார் என்பதையும் படித்தேன்தான். மனதில் நிற்கவில்லை.

ஆசாரி பிளைவுட்டோடு வந்தார். தண்ணீர் பட்டாலும் ஊறாத ‘710’ ரகம் என்றார். நான் சந்தையில் தேங்காய் பார்ப்பதுபோல் தட்டிப் பார்த்து, “ம்” என்றேன். என்ன சத்தம் வரவேண்டும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

“மேடை உயரம் எவ்வளவு சார்? முழங்கைக்கு நாலஞ்சு அங்குலம் கீழே இருந்தா தோதா இருக்கும். அம்மாவை ஒரு நிமிஷம் நிக்கச் சொல்லுங்க.”

மனைவி அன்று ஊரில் இல்லை. போன் போட்டுக் கேட்டிருக்கலாம். “என்னையே அளந்துக்குங்க” என்று விறைப்பாக நின்றேன். என் உயரம் 5 அடி 10 அங்குலம். டேப் 38 அங்குலம் காட்டியது. என் மனைவியின் உயரம் 4 அடி 11.

வேலை முடிந்தது. பளபளப்புக்குக் குறைவில்லை. கிரைண்டர் குழவியைத் தூக்கினால் மேல் கபோர்டில் இடிக்கிறது என்பதால் கிரைண்டர் ஹாலுக்கு வந்தது; டிவி செய்தியும் இட்லி மாவும் சேர்ந்தே அரைபடுகின்றன. டிராயர்கள் எப்படித் தள்ளினாலும் கடைசி இரண்டு அங்குலத்தில் நிதானமாகி, சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும். பெருமையாக இழுத்துக் காட்டினேன்.

“ஏன்டா, கோபம் வந்தா அறைஞ்சு சாத்தக்கூட முடியாதா இதுல?” என்றார் அம்மா.

மனைவி எதுவும் சொல்லவில்லை. மேடை முன் போய் நின்றாள். வாணலி அவள் மார்புக்கு நேராக இருந்தது. பூஜை அறைக்குப் போய் மணைப்பலகையை எடுத்துவந்து போட்டு, ஏறி நின்று கடுகு தாளித்தாள். ஒன்று போதவில்லை. இரண்டாவது பலகையையும் நானே கொண்டுவந்து கொடுத்தேன். கடுகு வெடித்ததும் அவள் பின்வாங்க, பலகை ஆட, நான் பிடித்துக்கொண்டேன்.

இறங்கி வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஏங்க, உங்களுக்கு இது அளவெடுத்துத் தைச்ச சட்டை மாதிரி இருக்கு.”

இது நடந்தது தைப்பொங்கலுக்கு முன்பு. இப்போது வாணலியும் சிங்க்கும் என் பொறுப்பு. நேற்று வைத்த ரசத்தில் உப்பு போதவில்லையாம்.