பந்தயக் குதிரையும் பொதிமாடும்

தம்பிகளா, வெள்ளிமலை பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடை பெஞ்சில நான் உட்காராத ஞாயித்துக்கிழமை கிடையாது. மரவள்ளி விலை விசாரிக்கப் போறேன்னு வீட்டுல சொல்லிட்டு வர்றது. உண்மையில வர்றது வண்டி பாக்க. கச்சிராயபாளையம், கோமுகி அணையெல்லாம் தாண்டி மேல ஏறி வர்ற பசங்க, பெரியார் அருவியில ஒரு படம் எடுக்கறாங்க, மேகம் அருவிக்கு வழி கேட்டு நிக்கறப்ப ஒரு படம் எடுக்கறாங்க, கடைசியா இந்தக் கடையில ஒரு டீ. ஹெல்மெட்டக் கழட்டினதும் பேச்சு ஆரம்பிக்கும் பாருங்க. ஏறி வந்த மலையப் பத்தி ஒரு வார்த்தை வராது. உட்கார்ந்து வந்த வண்டியப் பத்தியும் வராது. இன்னும் கடைக்கே வராத வண்டியப் பத்தித்தான் அத்தனை பேச்சும்.

2025 அக்டோபர் 15. தீபாவளிக்கு அஞ்சு நாள் இருக்கு. எங்க வீட்டுப் பேரன் போனத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தான். "தாத்தா, ஓசூர்க்காரன் விட்டுட்டான்!" என்னடான்னு பாத்தா, டிவிஎஸ் கம்பெனி அப்பாச்சி ஆர்டிஎக்ஸ் 300-னு தூரப் பயணத்துக்கு ஒரு வண்டிய அறிவிச்சிருக்கு. 299 சிசி, 36 குதிரை, 180 கிலோ எடை, 12.5 லிட்டர் டேங்க், ஆரம்ப விலை 1.99 லட்சம். மூட்டை எடை போட்டே வயசான ஆளு நான், நம்பர் சொன்னா மறக்காது. பேரன் கூட ரெண்டு கூட்டாளிங்க. மூணு பேரும் அரை மணி நேரத்துல அந்த வண்டியப் பிரிச்சு மேஞ்சிட்டாங்க. டேங்க் சின்னதுங்கறான் ஒருத்தன். கம்பிச் சக்கரம் குடுக்காம அலாய் குடுத்துட்டான்னு துக்கம் விசாரிக்கிறான் இன்னொருத்தன். மூணாவது ஆளு, "36 எல்லாம் ஒரு பவரா? குறைஞ்சது 40 வேணும்"னு கைய உதறுறான். பொண்ணு பாக்கப் போகாமலே மூக்கு சப்பைன்னு சொல்ற கூட்டம். மூணு பேரு பாக்கெட்டையும் கவுத்துக் கொட்டினா கள்ளக்குறிச்சிக்குப் பஸ் டிக்கெட் எடுக்கலாம், திரும்பி வர்றதுக்கு என்கிட்டத்தான் கேக்கணும்.

நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? "ஏன்டா, லிட்டருக்கு முப்பதுன்னே வச்சுக்க. டேங்க நிரப்பினா 375 கிலோமீட்டர் ஓடும். கள்ளக்குறிச்சியில இருந்து மெட்ராஸ் போய்ச் சேர்ந்தாக்கூட மிச்சம் இருக்கும். அதுக்குள்ள உன் அடிவயித்துல இருக்கற டேங்க் எத்தனை தடவ நிறையும்னு பாத்தியா? அதுக்கு இறங்கித்தானே ஆகணும், அப்படியே பெட்ரோலும் போட்டுக்க"ன்னேன். பேரன் மூஞ்சியத் திருப்பிக்கிட்டான். பெருசுங்களுக்கு டூரிங் தெரியாதாம்.

சரி, தெரிஞ்சுக்குவோம்னு கேட்டேன். அவன் சொன்னதுல என் மண்டையில ஏறினது இது. ஸ்போர்ட் டூரர்ங்கறது பந்தயக் குதிரைக்கும் பொதிமாட்டுக்கும் பொறந்தது. பந்தய வண்டி மாதிரி ஓடணும், ஆனா குப்புறப் படுத்துக்கிட்டு ஓட்டக்கூடாது. நிமிர்ந்து உட்காரணும், பின்னாடி பொண்டாட்டி உட்காரணும், ரெண்டு பக்கமும் பெட்டி தொங்கணும், முன்னாடி கண்ணாடி காத்த மறைக்கணும். 1976ல ஜெர்மனிக்காரன் பிஎம்டபிள்யூ ஆர்100ஆர்எஸ்னு ஒண்ணு கொண்டாந்தான். காத்துச் சுரங்கத்துல நிறுத்திச் சோதிச்சு முழுக்கூடு போட்ட வண்டி. இந்த வம்சத்துக்கு அதத்தான் பாட்டனாச் சொல்றாங்க. பேரன் கணக்குல ஆர்டிஎக்ஸ் அசல் ஸ்போர்ட் டூரர் இல்லையாம், மண் ரோட்டுலயும் இறங்கற பங்காளி முறையாம். அசல் சரக்கு வேணும்னா கவாசாகி நிஞ்சா 1100எஸ்எக்ஸ் இருக்கு. நம்ம நாட்டுல அது வந்தப்ப விலை 13 லட்சத்துக்கு மேல. அந்த விலையக் கேட்டதும் டீக்கடைக்காரரு என் பாக்கியக் கேக்கறத ஒரு வாரம் தள்ளி வச்சாரு.

காத்த மறைக்கற கண்ணாடிய மட்டும் நான் கேலி பண்ண மாட்டேன். உளுந்தூர்பேட்டை தாண்டி நாலு வழிச் சாலையில மணிக்கு நூறுல போனா, காத்து ரெண்டு கையாலயும் நெஞ்சப் புடிச்சுப் பின்னுக்குத் தள்ளும். மூணு மணி நேரம் அதோட மல்லுக்கு நின்னா ராத்திரி கழுத்து திரும்பாது. அதுக்கு அந்தக் கண்ணாடி வேணும், ஞாயந்தான். ஆனா கோமுகி அணைக்கு மேல ஏறிட்டா இருபத்தஞ்சு, முப்பதுதான் வேகம். அங்க அந்தக் கண்ணாடி பூச்சி அடிச்சுக்கறதுக்குத்தான் ஆகுது.

இந்தக் குறை சொல்ற வியாதி புதுசுன்னு நினைச்சுடாதீங்க. 2003ல ஹீரோ ஹோண்டா கரிஷ்மா வந்துச்சு, 223 சிசி, 17 குதிரை. அப்ப, "இவ்ளோ பெரிய வண்டி நம்ம ரோட்டுக்கு எதுக்கு?"ன்னாங்க. அதே பேர்ல 2023ல எக்ஸ்எம்ஆர் வந்துச்சு, 25.5 குதிரை. "பழைய கரிஷ்மா மாதிரி வருமா?"ன்னு கண்ணக் கசக்கினாங்க. 2016ல ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் வந்தப்ப சக்தி பத்தல, 24.5 தானான்னு உதட்டப் பிதுக்கினாங்க. சரின்னு அவன் 2023ல 452 சிசியில, தண்ணி ஊத்திக் குளிர வைக்கற இஞ்சினப் போட்டு 40 குதிரையாக் குடுத்தான். உடனே, "பழசுதான்டா எளிமை, சுத்தியலும் ஸ்பானரும் இருந்தாப் போதும்"னு ஒரே புலம்பல். 2016 கடைசியில பஜாஜ் டோமினார் விட்டான். 182 கிலோ, எடை ஜாஸ்தின்னாங்க. அந்த பஜாஜ்காரனே யானைய வளர்க்காதீங்கன்னு புல்லட்ட நக்கல் பண்ணி விளம்பரம் போட்டான், அதுக்கும் சண்டை. யானையக் கட்டித் தீனி போடறவன் பேசாம இருந்தான், ஆடு கூட இல்லாதவன்தான் ரெண்டு பக்கமும் சேர்ந்து கத்தினான்.

இன்னொரு கூத்து வரி. 2025 செப்டம்பர் 22ல இருந்து 350 சிசி வரைக்கும் ஜிஎஸ்டி 28ல இருந்து 18 சதவீதமா இறங்கிடுச்சு. அதுக்கு மேல போனா 40. முன்ன செஸ்ஸெல்லாம் சேத்து 31 இருந்தது. அதாவது 349 சிசி வாங்கறவன் ஏழை பாழை, அவனுக்கு இரங்கணும். 351 வாங்கறவன் சீமான், அவனப் பிழியணும். ஆர்டிஎக்ஸ் 299ல நின்னு ஏழையாயிடுச்சு, 452 சிசி ஹிமாலயன் பணக்காரனாயிடுச்சு. ரெண்டு வண்டியும் எங்க மலையில ஒரே குழியிலதான் இறங்குது, குழிக்கு வரி வித்தியாசம் தெரியல. இதுல கடை விலைன்னு ஒண்ணு சொல்றான் பாருங்க, அது தரகர் சொல்ற மாப்பிள்ளை சம்பளம் மாதிரி. ஒரு லட்சத்துக்கு மேல போற வண்டிக்கு நம்ம ஊர்ல ரோடு டாக்ஸே 12 சதவீதம். அப்புறம் இன்சூரன்ஸ், அப்புறம் கீழ விழுந்தா அடிபடாம இருக்க இரும்புக் கம்பி, அந்தக் கம்பி அடிபடாம இருக்க இன்னொரு ரப்பரு.

"நம்மூர் வண்டி வெளிநாட்டு வண்டி மாதிரி வருமா தாத்தா?"ன்னு ஒருத்தன் கேட்டான். அடேய், 2013லயே பிஎம்டபிள்யூ ஓசூர்க்காரனோட ஒப்பந்தம் போட்டு சின்ன வண்டிகள அங்கதான் செய்யுது. இங்கிலாந்து நார்ட்டன் கம்பெனியவே 2020ல டிவிஎஸ் விலைக்கு வாங்கிப் போட்டுடுச்சு. நீ வெளிநாடுன்னு நினைச்சு ஏங்கறது கிருஷ்ணகிரி மாவட்டத்துலடா இருக்கு.

இப்ப நான் சொல்ல வந்ததுக்கு வர்றேன். இத்தனை நம்பர்லயும் ஒரு நம்பர மட்டும் எவனும் சத்தமாப் பேச மாட்டான். சீட்டு உயரம். ஆர்டிஎக்ஸுக்கு 835 மில்லிமீட்டர், முப்பத்து மூணு அங்குலம்னு வச்சுக்குங்க. நம்ம பசங்க உயரம் என்ன? அஞ்சே கால், அஞ்சரை அடி. கடையில ஏறி உட்கார்ந்து பாக்கறப்ப சிமெண்டுத் தரை, கட்டை விரல் எட்டுது, போதும்னு இறங்கிடறான். வெட்கத்துல கேக்கறதில்ல. சக்தி பத்தலன்னு சொன்னா வீரன், கால் எட்டலன்னு சொன்னா குள்ளன், அதான் விஷயம்.

ஒரு நாள் நான் கண்ணாலப் பாத்தது. வண்டி எந்தக் கம்பெனின்னு சொல்ல மாட்டேன், அது பேர்ல தப்பும் இல்ல. ஏத்தத்துல இடது கைப் பக்கம் திரும்பற கொண்டை ஊசி வளைவு. ஒரு தம்பி நல்லா சாய்ச்சுத்தான் வந்தான். மேல இருந்து பஸ்ஸு ஹாரன் அடிச்சுக்கிட்டே இறங்குது. தம்பி பயந்து கிளட்சப் புடிச்சு, பிரேக்க அமுக்கி, இடது கால ஊனினான். ஊனினானா? வளைவோட உள்பக்கம்தான் தரை சரிஞ்சு கிடக்குமே! கடையில எட்டின தரை அங்க ஒரு சாண் கீழ போயிடுச்சு. கால் காத்துல துழாவுது. வண்டி மெதுவா, ரொம்ப மெதுவா, எருமை படுக்கிற மாதிரி படுத்துச்சு. பஸ் கண்டக்டரு, நானு, புளி மூட்டையோட நின்ன ரெண்டு பொம்பளைங்க, எல்லாரும் சேர்ந்து தூக்கி நிறுத்தினோம். தம்பிக்கு அடி ஒண்ணும் இல்ல. எழுந்ததும் கேட்ட முதல் கேள்வி, "வண்டில கோடு விழுந்துருக்காண்ணா?" அதுல ஒரு அக்கா சொல்லுச்சு, "கண்ணு, கால் எட்டற வண்டியா வாங்கியிருக்கலாமில்ல." 30 பக்கம் விமரிசனம் எழுதறவன் சொல்லாதத அது ஒரே வரியில முடிச்சிருச்சு.

நான் அன்னிக்கு அந்த வளைவுல நின்னது என் டிவிஎஸ் எக்ஸ்எல்லோட. 99.7 சிசி, நாலரைக் குதிரைகூட முழுசா இல்ல, எடை தொண்ணூறு கிலோவுக்குள்ள. ரெண்டு எக்ஸ்எல்லத் தராசுல ஒரு தட்டுல வச்சா மறுதட்டுல ஆர்டிஎக்ஸ் நிக்கும். 1980ல டிவிஎஸ் 50 வந்தப்பவும் நம்ம ஆளுங்க சும்மா இருக்கல. "மிதிவண்டிக்கு மோட்டார் வச்ச மாதிரி இருக்கு, இதுல ரெண்டு பேர் போக முடியுமா?"ன்னு சிரிச்சாங்க. அதோட வாரிசுதான் இன்னிக்குக் கால் வைக்கற இடத்துல ஒரு மூட்டை மரவள்ளி, பின்னாடி ஒரு மூட்டை, நடுவுல நானுன்னு மலை ஏறுது. டூரிங்குன்னா சாமான் ஏத்திக்கிட்டு தூரம் போறதுதானே? அப்ப இந்த மலையில முதல் டூரர் யாருன்னு நீங்களே சொல்லுங்க. ஒண்ணு ஒத்துக்கறேன், ஏத்தத்துல அது திணறும். நான் இறங்கித் தள்ளியிருக்கேன். தள்ளறப்பவும் ரெண்டு காலும் தரையில இருந்துச்சு.

பேரன் இதக் கேட்டுட்டு, "அப்ப வாங்க வேண்டாங்கறியா தாத்தா?"ன்னான். யாருடா அப்படிச் சொன்னது? நல்ல வண்டிடா. ஓசூர்ல இருந்து உனக்காகவே யோசிச்சுச் செஞ்சிருக்கான். மழைக்கு ஒரு மோடு, ஊருக்கு ஒரு மோடு, டூருக்கு ஒரு மோடு, ராலிக்கு ஒரு மோடுன்னு நாலு வச்சிருக்கான். டியூ கட்ட வழி இருந்தா வாங்கு. வாங்கறதுக்கு முன்னாடி கடைக்காரன்கிட்ட ஓட்டிப் பாக்கக் கேளு. கேட்டு, அத மெயின் ரோட்டுல முறுக்காத. எங்கயாவது சரிவாப் பாத்து நிறுத்தி, சரிவுப் பக்கமாக் கால ஊனிப் பாரு. பின்னாடி உங்க அம்மாவ உட்கார வச்சு ஊனிப் பாரு. காசு கிடைக்கிற வரைக்கும் குறை சொல்லிக்கிட்டே இரு, நிறுத்திடாத. டியூ இல்லாம, பெட்ரோல் இல்லாம, கீழ விழாம ஓட்டற ஒரே வண்டி அதுதான்.

போன ஞாயித்துக்கிழமை அஞ்சு பேரு வந்தாங்க. எல்லா வண்டியிலயும் அலுமினியப் பெட்டி, ஒண்ணுல மூணு. பீரோ மாதிரி பளபளன்னு இருக்கு. உள்ள என்னப்பா இருக்குன்னு கேட்டேன். ஒரு தம்பி மரியாதையாத் தொறந்து காட்டினான். முதல் பெட்டியில மழைக்கோட்டு. ரெண்டாவதுல தண்ணி பாட்டிலும் சார்ஜரும். மூணாவதுல மத்த ரெண்டு பெட்டியோட உபரிச் சாவி. "பெட்டி பெருசா இருந்திருக்கலாம் தாத்தா, புது மாடல்ல 50 லிட்டர் போட முடியுமாம்"னான்.

அதனால அடுத்த வாரம் மலைக்கு வர்ற தம்பிகளுக்கு ஒரு விண்ணப்பம். எப்படியும் கச்சிராயபாளையம் வழியாத்தானே வர்றீங்க, பெட்டியும் காலியாத்தானே வருது. வர்றப்ப எனக்கு ஒரு கவுளி வெத்தலை வாங்கிட்டு வாங்க. காசு குடுத்துடறேன்.